கூட்டல் கழித்தல் நூற்றுத் தொண்ணூறு

சஸ்கடூன், ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தாறு.
உள்ளே, குலுக்கும் பெட்டிக்குள்
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
இரவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன என் குடுவைகள்.

பாக்டீரியாவிடம் ஒரு நொதி கேட்டிருந்தேன்.
தெளிவாகக் கரைந்து வரவேண்டும் என்று.
அது கொடுத்தது கட்டி.
பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சொருகிய கொசுவம்போல்
மடிப்புக் கலைந்த புரதங்கள்
கையில் அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு
செல்லின் ஓரத்தில் ஒடுங்கிவிட்டன.

'எவ்வளவு பெரிசு?'
வியாழக்கிழமைக் கூட்டத்தில் கேட்டார் டாக்டர் ஹ்ரிட்சக்.
'பெரிசு' என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அதனால்தான் இந்த இரவு.
பனிக்கட்டி வாளியில் நிறுத்தி ஒலியால் உடைத்தேன்:
பத்து விநாடி அலறல், இருபது விநாடி ஓய்வு.
சுழற்றிக் கழுவி, மறுபடி சுழற்றி.
குழாயின் அடியில் மிஞ்சியது
பற்பசை அப்பியதுபோல் கொஞ்சம் வெள்ளை.
அதிலும் கடுகளவைக் கலக்கி
லேசருக்கு முன்னால் வைத்தேன்.

தண்ணீரில் எல்லாம் நடுங்கும்.
சிறிசு படபடக்கும், பெரிசு சோம்பலாக அசையும்.
மாடிப்படியில் கேட்கும் காலடியை வைத்தே
வருகிறவரின் எடையைச் சொல்வதுபோல்
நடுக்கத்திலிருந்து உருவத்தைக் கணிக்கிறது இந்தப் பெட்டி.

முதல் அளவு ஆயிரத்து முந்நூற்று நாற்பது நானோமீட்டர்.
இரண்டாவது நானூற்றுப் பன்னிரண்டு.
மூன்றாவது ஐயாயிரத்தைத் தாண்டியது.
பக்கத்து மேசை ஒலேசியா எட்டிப் பார்த்தாள்.
'அது புரதமில்லை. உன் ஸ்வெட்டர்.'

ஒளிக்கு ஒரு குணம்,
பெரிய ஆள் பேச்சுத்தான் அதன் காதில் ஏறும்.
விட்டம் பத்து மடங்கானால்
சத்தம் கிட்டத்தட்டப் பத்து லட்சம் மடங்கு.
சிறிசுகள் ஆயிரம் கூடிக் கத்தினாலும்
ஒரு கம்பளித் தூசி இருமினால்
அவை அங்கே இருந்ததற்கே சாட்சியில்லை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான்,
பானையில் குருணையும் பூசணிக்காயும்
ஒன்றாய் வேகாத வரைக்கும்.

செவ்வாயன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருந்தோம்.
முந்நூறுக்குச் சற்று மேல், உருண்டை உருண்டையாக.
அழகான படம்.
ஆனால் காயவைத்து எடுத்தது.
வற்றலை அளந்து கத்தரிக்காயின் பருமனைச் சொல்லலாமா?

மணி இரண்டு. ஸ்வெட்டரைக் கழற்றி
நாற்காலி முதுகில் போட்டேன். குளிர்ந்தது.
வடிகட்டிய தாங்கலில் புதிதாகக் கலக்கி
பன்னிரண்டு முறை அளந்தேன்.
நோட்டில் எழுதினேன்:
நானூற்றுப் பன்னிரண்டு, கூட்டல் கழித்தல் நூற்றுத் தொண்ணூறு.
ஹ்ரிட்சக் முதல் எண்ணைத்தான் வட்டமிடுவார்.
எனக்கு உண்மை தெரிந்த இடம் இரண்டாவது.

மிச்சத்தைக் கழிவு வாளியில் கொட்டுமுன்
சும்மாதான், ஒரு துளி வினைப்பொருள் விட்டேன்.
கையுறையைக் கழற்றி, திரும்ப வந்து பார்த்தால்
மஞ்சள்.
மங்கலாக, ஆனால் மஞ்சள்தான்.
அந்தக் கட்டிக்குள் யாரோ
இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
'கரையாதது, செயலற்றது' என்று
திங்கட்கிழமை எழுதி வைத்திருந்தேன்.
இரண்டாவது சொல்லை ஒரே கோட்டால் அடித்து
தேதி போட்டேன், கையெழுத்தும் போட்டேன்.
நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது.

ஒலேசியாவின் கார் கிளம்ப மறுத்து, ஒருவழியாய்க் கிளம்பியது.
பாலத்துக்கு இந்தப் பக்கம் அவள் இறக்கிவிட்ட இடத்தில்
காற்று அசையவேயில்லை.
ஒவ்வொரு தெருவிளக்கின் தலைக்கு மேலும்
நட்டுவைத்ததுபோல் ஒரு வெளிச்சத் தூண்.
மிதக்கும் பனித்துகள்கள்,
தட்டைத் தட்டையாக, கண்ணுக்குத் தெரியாமல்.

எவ்வளவு பெரிசு இருக்கும்?
மூக்கு மரக்கும் வரை நின்று கணக்குப் போட்டேன்.
ஐம்பது மைக்ரான். இல்லை, எண்பது.
மூச்சு விட்டேன்.
என் முன்னால் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது.